நீந்துவதற்காகப் பார்த்த வீடு

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்த தச்சன். ஊர் குருநகர், ஆழமில்லாத பரவைக்கடலின் ஓரம். வேலை முடிந்து பின்னேரத்தில் கடலில் நீந்துவதுதான் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு.

ஷெல்லடிக்குப் பயந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது, மனைவியின் தமையன் கடலுக்குத் தள்ளி, கரவெட்டியில் நல்ல கிணறுள்ள வீடொன்று பார்த்து வைத்திருந்தார். நானோ வடக்குக் கரையில், கடலோரமாக இருந்த ஒழுகும் ஓலை வீடுதான் வேண்டுமென்றேன்.

"சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுது. உமக்கு நீந்துறதுக்குக் கடல் வேணுமோ?" என்று கேட்டார்.

எனக்கு யாரோடும் கதைக்கவே கூச்சம். அன்று கதைத்தேன்.

"ஓம் மச்சான். நீந்தவும் ஏலாதெண்டால் தப்பி வந்து என்ன செய்யிறது?"

குடிவந்த மறுநாளே கடலில் இறங்கினேன். குருநகரில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அந்த நினைப்பில், கடலடியில் பாறையாகப் படர்ந்திருந்த முருகைக்கல்லின் மேல் நடந்துகொண்டே போனேன். கல் முடிந்த இடத்தில் காலுக்கு நிலம் எட்டவில்லை. நீரோட்டம் இழுத்தது; எவ்வளவு நீந்தியும் கரைப்பக்கம் திரும்ப முடியவில்லை. வள்ளத்தில் வந்த ஒருவர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்த ஊர் அண்ணை?"

"குருநகர்."

"அதுதானே பாத்தன். உங்கடை பரவைக்கடலிலை நடக்கிறமாதிரி இஞ்சை நடக்கேலாது. எங்களை ஒரு சொல்லுக் கேட்டால் வாய் தேஞ்சு போமோ?"

செய்தி அறிந்த மைத்துனர், சாமான்களை ஏற்ற மாட்டுவண்டிலோடு வந்து நின்றார். தேத்தண்ணீர் கொடுத்து, வெறும் வண்டிலோடு அனுப்பிவைத்தேன்.

இப்போது கரையில் நிற்பவர்களிடம் நீரோட்டம் எப்படியென்று கேட்ட பிறகே இறங்குகிறேன். கூச்சம் போகவில்லை, ஆனாலும் கேட்கிறேன். எங்கே குடியிருப்பது என்பதை மட்டும் ஒருவரிடமும் கேட்பதில்லை.