சீப்பை நோக்கி ஆடிய ஸ்ட்ரா

எங்கள் தீவில் இந்தியர் தலைமையிலான ஆட்சி கவிழ்ந்த வாரமே அண்ணனின் பௌதிக ஆசிரியர் நியூசிலாந்துக்குப் போய்விட்டார். பரீட்சை மட்டும் எங்கும் போகவில்லை. அதில் தேறினால் அண்ணனும் அங்கே படிக்கப் போகலாம், அவன் பின்னால் நாங்களும் போகலாம். அதனால் ஆசிரியர் நடத்தாமல் விட்ட பாடத்தை நகாசி என்ற எங்கள் ஊரில், எங்கள் சமையலறையில் அவனே செய்து பார்த்தான்.

ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பிரித்த செலோடேப் துண்டுகளில் ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் மின்சாரம் நிற்குமாம். அவற்றை ஒரு ஸ்ட்ராவின் இரு முனைகளிலும் ஒட்டி நூலில் தொங்கவிட்டான். தலையில் தேய்த்த சீப்பை நான் பக்கத்தில் பிடித்தேன். ஸ்ட்ரா திரும்பியது, தாண்டிப் போனது, மறுபடி திரும்பி வந்தது.

"சீப்புக்குக் கிட்டப் போகப் போகத்தான் இழுப்பு அதிகம். சுத்தி எல்லாம் ஒரே அளவா இருந்தா நின்ன எடத்துலயே ஆடும். இப்ப பாரு, ஆடிக்கிட்டே உங்கிட்ட வருது," என்றான் அண்ணன்.

வாசலில் அப்பா யாரையோ அதட்டினார். அடுத்து இரும்புக் குழாய் எலும்பில் படும் சத்தம் கேட்டது. அப்பா கதவருகே கிடந்தார், காதிலிருந்து ரத்தம். கொள்ளையடிக்க வந்தவர்கள் டிவியைத் தூக்கினார்கள். கண்ணாடி அலமாரியில் எடுக்க ஒன்றுமில்லை. அதைச் சும்மா உடைத்தார்கள்.

முகத்தில் சட்டையைச் சுற்றிய ஒருவன் கரும்புக் கத்தியோடு உள்ளே வந்தான். சீப்பு இன்னும் என் கையிலேயே இருந்ததால் ஸ்ட்ரா நிற்கவே இல்லை. அவன் அதையே பார்த்தான்.

"பிளஸ் கோன் சைட்?" எந்தப் பக்கம் பிளஸ் என்று ஹிந்தியில் கேட்டான்.

"உதர், டவ்," என்று அண்ணன் அந்தப் பக்கத்தைக் காட்டினான்.

டவ் என்றால் கூட்டாளி. அவனும் அண்ணனும் வகுப்பில் ஒரே பெஞ்ச். குரல் தெரிந்ததும் பழக்கத்தில் அண்ணனுக்கு அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

குழாய் வைத்திருந்தவன் திரும்பினான். அண்ணனைக் காட்டி, தீவின் பூர்வகுடிகளான அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டான். இவனுக்கு உன்னைத் தெரியுமா என்றுதான் கேட்டிருப்பான். கூட்டாளி மேசைக்கு வந்தான். அண்ணனின் வலது கையை இழுத்து மேசையில் அழுத்திக் கத்தியை ஓங்கி இறக்கினான். அண்ணன் அலறினான். விரல்கள் கையில்தான் இருந்தன, ஆளுக்கொரு பக்கமாக வளைந்து. குழாய்க்காரன் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

போலீசிடம் அண்ணன், முகம் மூடியிருந்தது, தெரியவில்லை என்றான். பரீட்சை நாளில் அவன் கையில் கட்டு இருந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை.

"கத்தி முதுகாலதான்பா அடிச்சான். நெனச்சிருந்தா வெட்டியிருக்கலாம்," என்றான் அண்ணன்.

"வக்காலத்தா வாங்குற? அப்ப ஒடஞ்சது என்னடா, கேரட்டா?" என்றார் அப்பா.

அண்ணன் கையை மூடிப் பார்த்தான். நடுவிரல் மடங்கவில்லை.