வீரமுத்து வாயால் வந்த உண்மை

காத்தாயி வீரமுத்துவின் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறாள் என்றதும் குன்னத்துப் பக்கத்து அந்தச் சிற்றூரே காறித் துப்பியது. "மவ கண்ணப் போக்குன பய வூட்டுக் காட்டுலயா? சூடு சொரணை இருக்கா இவளுக்கு?" துப்பட்டும். வெட்கம் கெட்டா போனாள் அவள்? கறுவிக்கொண்டல்லவா போனாள்!

தொண்ணூற்றெட்டில் நடந்தது அது. மக்காச்சோளம் பால் பிடித்திருந்த சமயம், கிளி விரட்ட வீரமுத்து ஒரு ஏர்கன் வாங்கினான். கிளி வந்தபிறகு குழலை மடக்கிக் குண்டு போட்டால் அது பறந்துவிடுமாம். அதனால் விடிந்ததுமே குண்டு போட்டு, கொட்டகை ஆணியில் மாட்டிவிடுவான். அதுவும் சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில்! கேட்டால், "காத்துத் துப்பாக்கிதான, என்னா பண்ணிரப் போவுது?" என்பான். அவனுடைய எட்டு வயது மகன் தமிழரசன் ஒருநாள் அதை எடுத்து விளையாட்டாக நீட்டினான். குண்டு பாய்ந்து, கூட விளையாடிய காத்தாயியின் மகள் மேகலாவுக்கு வலது கண் போயிற்று.

பஞ்சாயத்தில் அந்தப் பாவி கூசாமல் புளுகினான். "வெறும் துப்பாக்கியத்தான் மாட்டியிருந்தேன். பசங்கதான் குண்டு போட்டிருக்குதுங்க." வளர்ந்த ஆளே தம் பிடித்து மடக்கவேண்டிய குழலை அந்தப் பொடியன் மடக்கினானாம்! "நான் போடலப்பா" என்று அழுத மகனை அங்கேயே அறைந்து வாயடைத்தான். பஞ்சாயத்துப் பெரியவர் இளையபெருமாள் அதை நம்பித் தலையாட்டினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பழி காத்தாயி தலையில் விழுந்தது. "உன் வாயாலயே உண்மையச் சொல்ல வக்கிறேன்டா" என்று அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

வருஷங்கள் ஓடின. அவன் திருந்தவில்லை. வெங்காயம் எடை போட்ட அன்று காலையிலும் குண்டு போட்டு அதே ஆணியில் மாட்டினான். காத்தாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூலியாட்களும் எடை பார்க்க வந்த இளையபெருமாளும் கூடியதும் அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரலை விசையில் வைக்கவில்லை. அது அவனுக்குத் தெரியவா போகிறது?

"ஏன்டா நடுங்குற? வெறும் துப்பாக்கியத்தான மாட்டுவ?"

"ஐயோ, எறக்கு புள்ள! குண்டு கெடக்கு!"

"யாரு போட்டா?"

"நாந்தான்! எப்பவும் நாந்தான் போட்டு வப்பேன்!"

"அன்னைக்கு?"

வீரமுத்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். "அன்னைக்கும் நாந்தான்!"

இளையபெருமாள் தலை கவிழ்ந்தார். காத்தாயி ஆளில்லாத பக்கம் திரும்பி, வரப்பு மண்ணில் சுட்டுக் குண்டைத் தீர்த்தாள். பிறகு துப்பாக்கியைக் கிணற்றில் வீசினாள்.

மூட்டை தைத்துக்கொண்டிருந்த தமிழரசன் எழுந்து நின்றான். பயலுக்கு மீசை அரும்பியிருந்தது. "நான் போடலன்னு அன்னைக்கே சொன்னேன்லப்பா? கண்ண அவிச்சவன்னு ஊரே பேசுச்சு. கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

பிறகு காத்தாயி பக்கம் திரும்பினான்.

"மேகலா வூட்ல இருக்குதா அத்தை?" என்று கேட்டான் பையன்.

"இருக்கா. வந்து நீயே சொல்லு."

இருவரும் வரப்பில் நடந்தார்கள். பின்னால் வீரமுத்து மகன் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திக் கூப்பிட்டான். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. காத்தாயிக்கு வயிறு குளிர்ந்தது.