பிரிக்பீல்ட்ஸ் ஜாமில் ஒரு அதட்டல்

போன செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைகிற இடத்தில், என் கணவர் என்னை அதட்டினார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் கழித்து இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான். நான்கு மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஜோசப்பைத் தெரியும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாடு முழுக்க லோரி ஓட்டியவர். சர்ச்சில் சுருதியே சேராமல், எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவர். அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது புரியும், பதிலும் உள்ளே இருக்கும் — வெளியே வராது. அதை எழுதத் தைரியமில்லாமல்தான் இத்தனை வாரமும் சமையல், பூனை என்று எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜெபிக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். பாஸ்டர் வீட்டுக்கே வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து ஜோசப்பின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதோ... இப்போது... வராது.

வாரத்தில் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸில் பேச்சுப் பயிற்சி. கிள்ளானிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். ஒரு லோரிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள்!

அன்றைக்கு நல்ல மழை, வழியெல்லாம் ஜாம். முந்தைய வகுப்பில் பந்துப் படத்தைப் பார்த்து 'பந்து' என்று சொல்லப் பார்த்து, முடியாமல், அட்டையைத் தட்டிவிட்டு அழுதிருந்தார். அதே நினைப்பில், மனசுக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினேன். எங்கள் வீட்டுக்கு வர உமக்கு வழி தெரியாதா?

இடது பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்க்காமலே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன்.

"ஏய்! மோட்டாரு! பாத்து!"

பிரேக்கை மிதித்தேன். ஜோசப் பக்கத்துக் கதவை உரசுகிற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி நின்றது. கத்தியது யார் என்று உறைக்கவே சில விநாடிகள் ஆயின.

ஓரமாக நிறுத்தினேன். மோட்டார்காரர் வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். நடுத்தர வயது, மழைச் சட்டை, நெற்றியில் பாதி கரைந்த திருநீறு.

"என்னக்கா, கண்ணாடி எதுக்கு இருக்கு? பாத்து வர மாட்டீங்களா?"

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். மனுஷன் பயந்துவிட்டார்.

"அக்கா, அக்கா... ஒண்ணும் ஆகல லா. அழுவாதீங்க."

"அதுக்கு இல்ல தம்பி. இவரு பேசிட்டாரு! ஸ்ட்ரோக் வந்து நாலு மாசமா பேச்சே இல்ல... இப்ப உங்களைப் பாத்துதான் பேசினாரு!"

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "அண்ணே, என் உயிரைக் காப்பாத்திட்டீங்க."

ஜோசப் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, கல்லைப் புரட்டுகிற மாதிரி, "பா...த்து" என்றார்.

"கடவுள் இருக்காருக்கா" என்றார் அவர்.

"ஆமென்" என்றேன். யாருடைய கடவுள் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சி தரும் சீனப் பெண் இதைக் கேட்டுக் கைதட்டினாள். இப்படிப்பட்டவர்களுக்கு அதட்டலும் திட்டும்தான் பல சமயம் முதலில் வருமாம். மற்ற வார்த்தைகளும் வரலாம், மெதுவாக வரும், பொறுமை வேண்டும் என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன். ஆண்டவர் வர வேண்டிய நாளையும் இடத்தையும் நாமே குறித்துக் கொடுத்துவிட்டு, அங்கே காணோமே என்று கோபித்துக்கொள்கிறோம். அந்த நான்கு மாதமும் அவர் வராமலா இருந்தார்? எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே போய், 'ஆண்டவரே, எங்கே இருக்கிறீர்?' என்று அழுதிருக்கிறேன். சூடு ஆறாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.

"சிஸ்டர், பிரதர் சொன்ன முதல் வார்த்தை என்ன? சபைக்குச் சொல்லுங்க" என்றார் பாஸ்டர், பரவசத்தோடு. அல்லேலூயாவை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன். சபையே சிரித்தது. ஜோசப்பும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். நான் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார். உதடு துடித்தது. புது வார்த்தை! காதைக் கொடுத்தேன்.

"ப...சி" என்றார்.

ஆண்டவர் கேட்டிருப்பார். பாஸ்டருக்குத்தான் கேட்கவில்லை — பிரசங்கம் இன்னும் முக்கால் மணி நேரம் ஓடியது.