கரையிலிருந்தே காட்டிய காவிரி

டூர் கைடு என்பவள் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவள் தலை எண்ணுகிறவள். பெங்களூர் சிவாஜிநகரில் புறப்படும்போது இருபது தலை, அத்திபெலே டீக்கடையில் இருபது தலை, தருமபுரியில் டிபன் முடிந்து இருபது தலை. எண்ணி முடிப்பதற்குள் ஒருவர் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கிவிடுவார். என்னைப் போல மைக் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். மற்றவர்கள் ஒரு கல்யாணக் கோஷ்டியை எப்போதாவது ரயில் ஏற்றிவிட்டிருந்தால் போதும், நீங்களும் நம்ம கட்சிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிராவல்ஸில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒகேனக்கல், ஒருநாள் பயணம், பரிசல் சவாரியோடு. சேர்ந்த அன்று முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பரிசல்ல போயிருக்கியாம்மா? அனுபவிச்சுச் சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்." அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், தம்பி டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் அடுப்பு எரிய நான்தான் சம்பாதிக்க வேண்டும். "எத்தனையோ தடவை சார்" என்றேன்.

ஒரு தடவைகூடக் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குழாயில் வருவது, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் எட்டியே நின்றுவிடுவேன். சின்ன வயதில் விழுந்தேன், யாரோ தூக்கினார்கள் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. பயம், அவ்வளவுதான். ஆறு வருஷம் அந்த ஆற்றுக்கு ஜனங்களைக் கூட்டிப் போனேன், ஆறு வருஷமும் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

முதல் ஞாயிறு

முதல் பயணத்தில் மைக்கை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ஹொகெ என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் கல், அருவி விழும் வேகத்தில் பாறை புகைகிற மாதிரி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லி ஓட்டினேன். பரிசல் துறையில் நம் வண்டிக்கென்று ஐந்து பரிசல் வரும். அதில் தலைமைப் பரிசல்காரர் மாதையன், ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். "நீங்க ஏறலைங்களா மிஸ்ஸு?" என்றார். "இவங்க செருப்பு, பை எல்லாம் யாரு பாத்துக்கறது?" என்றேன். பதில் எனக்கே பிடித்துப்போனது. நான் தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறேன் என்று அவர் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் திரும்பி வந்ததும் நான் பதறிப்போய் எல்லாரிடமும் விசாரித்தேன். எப்படி இருந்தது, என்ன பார்த்தீர்கள், எங்கே திரும்பினீர்கள்? அடுத்த வாரம் சொல்லச் சரக்கு வேண்டுமே! ஒரு பேங்க் அம்மா புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே யோசித்தார். ஆரவாரமாக எதையாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பாறைக்கு நடுவுல போனதும் சத்தமே இல்ல மிஸ். என் மூச்சு எனக்கே கேட்டுச்சு."

வண்டிக்குள் ஆறு

அந்த மூச்சை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். அதன் பிறகு சரக்கு சேர்ந்துகொண்டே போனது. பாறையின் இடுக்கிலிருந்து ஒரு செடி தலைகீழாகத் தொங்குவதை ஒரு டெய்லர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தண்ணீர் ஓரிடத்தில் பச்சையாகவும் பத்தடி தள்ளிக் கறுப்பாகவும் இருக்கும் என்று ஒரு பெண் சொன்னாள். நடுவில் மணல் திட்டில் இறங்கி நடக்க வேண்டும், அப்போது பரிசல்காரர்கள் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார்கள், பின்னாலிருந்து பார்த்தால் கால் முளைத்த குடை மாதிரி இருக்கும் என்றார் ஒரு வாத்தியார். எங்கள் டூரில் வருகிறவர்களுக்கு மட்டும் என்ன பேச்சு, என்ன பார்வை என்று நான் வியந்துபோவேன். பரிசலை விட்டு இறங்கியதும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள்.

சந்தாபுரா தாண்டியதும் நான் ஆரம்பித்துவிடுவேன். விடிந்தும் விடியாத வெளிச்சம், ஜன்னல் கண்ணாடியில் பனி, பாதித் தூக்கத்தில் இருபது பேர். மெல்லிய குரலில் பாறை, மூச்சு, தலைகீழ்ச் செடி என்று சொல்லிக்கொண்டே போவேன். ஓசூர் ரோட்டின் லாரிகளெல்லாம் எங்கோ தூரத்தில் போகிற மாதிரி இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே ஆற்றில் போவது போல இருக்கும், அதில் எனக்குப் பயமும் இருக்காது. பஸ்ஸில் எதையும் இடது வலது சொல்லிக் காட்டிப் பழகிய வாய், அதனால் இதையும் அப்படியே சொல்வேன்: இப்போது வலது பக்கம் யானை முதுகு போல ஒரு பாறை வரும், பாருங்கள். ஒருநாள் அத்திபெலேயில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் முனியப்பா என் பக்கம் திரும்பினார். அவர் சந்தாபுராக்காரர், கன்னடம், தமிழ் இரண்டையும் ஒரே வாயில் பேசுவார். "ஸ்வல்ப இருங்க மேடம், ஆறு ஓசூர் ரோட்டுக்கே வந்துடுச்சு. வைப்பர் போடட்டுமா?"

ஒற்றை ஷூ

பரிசல்கள் கிளம்பியதும் துறைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்துவிடுவேன். என்னைச் சுற்றி இருபது ஜோடி செருப்பு. பரிசல்கள் சின்னதாகிச் சின்னதாகி, பாறைகளுக்குள் நுழைகிற திருப்பத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கரையைப் பார்த்துக் கை காட்டுவார்கள். தண்ணீரில் இறங்கினால் மனுஷனுக்கு இப்படி ஒரு குஷி வந்துவிடும்போல என்று நானும் கை காட்டுவேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் மீன் வறுக்கும் வாசனையும் அருவியின் இரைச்சலும்தான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எப்படி என்று அந்தக் கல்லில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்படி ஒரு தூக்கத்தில் குரங்கு வந்து புது மாப்பிள்ளை ஒருவரின் ஷூவில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கத்தியதில் அது மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே லேஸைக் கடித்தது. மாமனார் வீட்டுச் சீர் ஷூவாம். மாப்பிள்ளை திரும்பி வந்ததும் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒற்றை ஷூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பரவால்ல மிஸ். நீங்களும் எங்ககூட வந்திருந்தா ரெண்டும்ல போயிருக்கும்!"

தூங்கிப்போனவள்

இரண்டாயிரம் பிறந்த பிறகு பயணிகளின் முகம் மாறியது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். அதில் ஒரு பெண் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வண்டியில் ஏறியவள். பரிசல் அந்தத் திருப்பத்தைத் தாண்டியதுமே தோழியின் தோளில் சாய்ந்து, திரும்பி வரும்வரை தூங்கியேவிட்டாள். இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, "சாரி மிஸ், உங்களுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட எதுவுமே இல்ல" என்றாள். இவள் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப நான் சொல்றேன், உக்காரு" என்றேன். பாவம், காசு கொடுத்து வந்துவிட்டு ஆற்றைப் பார்க்காமல் போகிறாளே! மூச்சுச் சத்தம், பச்சைத் தண்ணீர், கால் முளைத்த குடைகள், யானைப் பாறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் ஏறியதே இல்லை என்பது சொல்லும்போது எனக்கே மறந்துவிட்டது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "கனவுல நான் பாத்ததும் இதேதான் மிஸ். ஆனா அதுல நீங்களும் எங்க பரிசல்ல இருந்தீங்க."

யானைப் பாறை

அதே வருஷம் முதலாளியம்மா சரோஜா ஒரு ஞாயிறு எங்களோடு கிளம்பினார். ஒரு தடவை வந்தவர்களே திரும்பத் திரும்ப இதே டூருக்கு ஏன் டிக்கெட் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அன்றைக்கு மைக்கில் உயிரைக் கொடுத்துப் பேசினேன். அவர் மாதையன் பரிசலிலேயே ஏறினார். வழக்கமான திருப்பத்தில் அன்று யாரும் கை காட்டவில்லை என்பதை அப்போதே கவனித்தேன், காரணம் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் எல்லாரும் செருப்பைக்கூட மாட்டாமல் மீன் சாப்பிடப் போய்விட்டார்கள். சரோஜாம்மா மட்டும் தன் செருப்பை மாட்டிக்கொண்டு என் கல்லுக்கு வந்தார். "யானைப் பாறை வலது பக்கம்னு சொன்னியே ஸ்டெல்லா, வலது பக்கமே பாத்துட்டிருந்தேன். பரிசல் சுத்துது. பாறை வலது பக்கம் வந்துது, முன்னாடி வந்துது, இடது பக்கம் வந்துது, முதுகுக்குப் பின்னாலயும் போச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆறு வருஷப் பொய்யை ஒப்புக்கொள்ள எழுந்து நின்றேன். தம்பிக்கு இன்னும் நிலையான வேலை கிடைத்திருக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் செருப்பைக் கழற்றி மற்ற செருப்புகளோடு வரிசையில் வைத்துவிட்டு, என் கல்லில் உட்கார்ந்துகொண்டார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் 'நம்ம கைடு பரிசல்ல போயிருக்கா'ன்னு சொல்லணும், அது நெஜமா இருக்கணும். போ, செருப்ப நான் பாத்துக்கறேன்."

மாதையன் காட்டிய இடம்

காலிப் பரிசலில் நானும் மாதையனும் மட்டும். ஏறியதும் அடிப்பாகம் மெத்தென்று உள்வாங்கியது. அதற்குக் கீழே தண்ணீர் ஓடுவது உள்ளங்காலில் தெரிந்தது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தெரிந்த ஜெபமெல்லாம் பாதிப் பாதியாக வாயில் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு இரைச்சல் மெல்ல மெல்ல விலகி, ஒரேயடியாக நின்றது. என் மூச்சு எனக்கே கேட்டது. பேங்க் அம்மா!

கண்ணைத் திறந்தேன். தலைகீழ்ச் செடி அதே இடத்தில் தொங்கியது. தண்ணீர் பச்சையாகி, பத்தடி தள்ளிக் கறுத்தது. யானைப் பாறை ஒவ்வொரு பக்கமாகச் சுற்றி வந்து தன்னைக் காட்டியது. முன்பின் பார்த்திராத இடத்தில் எல்லாமே எனக்குத் தெரிந்ததாக இருந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் குரல் கேட்டது. நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது முகம் காற்றில் ஜில்லென்று ஆனபோதுதான் தெரிந்தது.

திரும்பும்போது அந்தத் திருப்பத்தில் மாதையன் துடுப்பை நிறுத்திக் கரையைக் காட்டினார். மதிய வெயிலில் என் தட்டைக் கல், அதைச் சுற்றி வரிசையாகச் செருப்புகள், நடுவில் விரல் அளவுக்கு சரோஜாம்மா. இந்த இடத்தைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் சொன்னதே இல்லையே என்றேன். அவர் காதிலிருந்த பீடியை எடுத்து, பற்ற வைக்காமல், கையில் உருட்டினார். "எப்படிச் சொல்லுவாங்க மிஸ்ஸு? ஆறு வருசமா இந்த எடத்துல நிறுத்தி நான் காட்டுறதே உங்களைத்தானே! 'அதோ கல்லுல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குத் தண்ணின்னா பயம், ஏற மாட்டாங்க, வந்து நம்மளத்தான் கேப்பாங்க, அவங்களுக்காக நல்லாப் பாத்து வெச்சிக்குங்க, பாறை வலது பக்கம்னு சொன்னா சிரிக்காதீங்க'ன்னு சொல்லுவேன். எல்லாரும் கை காட்டுவாங்க. இன்னிக்கு மொதலாளியம்மா இருந்தாங்க, அதான் வாயத் தொறக்கல."

ஆறு வருஷம் ஊருக்கெல்லாம் நான்தான் ஆற்றைக் காட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்தான் எனக்குக் காட்டியிருக்கிறது, சம்பளம் மட்டும் நான் வாங்கியிருக்கிறேன்.