காலும் அரையும் முக்கால் அல்ல

அம்புலன்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கிழமை. பிரெஞ்சுத் தலைநகருக்கு வடக்கே ஒபர்வில்லியேயில் இருந்த எங்கள் கம்பனியில் வண்டி ஓட்டுவது ஜெயம் அண்ணை, பின்னால் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பது நான். ஒட்சிசன் போத்தல்களும் என் பொறுப்புத்தான். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று. மீட்டர் ஊசியைப் பார்த்துக் கால், அரை, முக்கால் என்று சொல்வது எங்கள் பழக்கம்.

அன்று முதல் ஓட்டம் முடிந்ததும் போத்தல்களை மாற்றியிருக்க வேண்டும். மாற்றுமுன் அடுத்த ஓட்டம் வந்துவிட்டது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தையல் கடை வைத்திருந்த சரோ அக்காவுக்கு நுரையீரல் வருத்தம். நகரத்துக்குத் தெற்கே ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாஸ்க்கைக் கழற்றினால் இரண்டு நிமிடம்கூடத் தாங்கமாட்டார்.

"ஒட்சிசன் எவ்வளவடா கிடக்கு?" என்று ஜெயம் அண்ணை கேட்டார்.

பெரிசில் கால், சின்னதில் அரை. கூட்டினேன்.

"முக்கால் கிடக்கு அண்ணை."

"அப்ப காணும். ஏறு."

பெரிய போத்தல் நிறைய இருந்தால் சரோ அக்காவுக்கு மூன்று மணி நேரம் வரும். முக்கால் என்றால் இரண்டேகால் மணி. அண்ணை அப்படித்தான் விளங்கிக்கொண்டார். நானும் அப்படித்தான் நம்பினேன், மடையன்.

நகரத்தைச் சுற்றிப் போகும் பெரிஃபெரிக் வீதியில் விபத்து. வண்டிகள் அசையவே இல்லை. முக்கால் மணியில் பெரிய போத்தல் முடிந்தது. சின்னதைக் கையில் தூக்கியபோதுதான் பிழை விளங்கியது. ஐயோ, இது பெரிசில் மூன்றில் ஒரு பங்குதானே! இதில் அரை என்றால் பெரிசின் ஆறில் ஒன்று. காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஐந்து. நான் சொன்னதோ பன்னிரண்டில் ஒன்பது.

இனி அரை மணிக்குத்தான் காற்று. ஜிபிஎஸ் இன்னும் நாற்பது நிமிடம் காட்டியது, அதாவது ஒரு மணியில் மூன்றில் இரண்டு. அதில் அரையைக் கழித்தால் ஆறில் ஒன்று. பத்து நிமிடம். இரண்டு நிமிடம் தாங்காத மனுசிக்குப் பத்து நிமிடம் காற்றில்லை.

வேலை போனால் விசாவைப் புதுப்பிக்கச் சம்பளச் சீட்டு இருக்காது. வீதி திறந்துவிடும், பேசாமல் இருப்போம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைக்க இப்போதும் வெட்கம்.

"அண்ணை, நான் பிழையாக் கூட்டிப்போட்டன். இன்னும் அரை மணித்தியாலத்துக்குத்தான் ஒட்சிசன் கிடக்கு."

"என்னடா சொல்லுறாய்? முக்கால் எண்டியே!"

"ரெண்டும் ஒரே அளவு போத்தில் இல்லை அண்ணை."

அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே அவசர இலக்கத்துக்குப் போன் அடித்தார். சைரன் போட அனுமதி கிடைத்தது. வீதியோரமாக ஊர்ந்து அடுத்த வழியால் இறங்கி, கிட்ட இருந்த ஒரு மருத்துவமனைக்கு விட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ஊசி சிவப்பில் நின்றது. தாதி புது மாஸ்க்கைப் பொருத்தினார்.

முதலாளி இரண்டு கிழமை என்னை வண்டியில் ஏற்றவில்லை. வேலை மட்டும் தப்பியது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கால் என்றால் எதில் கால் என்று கேள். இரண்டையும் நிமிடமாக்கு, பிறகு கூட்டு.

இதை முதலாளியின் கோபத்துக்குப் பயந்து சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்க மூன்றாம் நாள் சரோ அக்காவிடம் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காத்து முடியப்போகுது எண்டு உங்கட முகத்திலையே தெரிஞ்சுது. அதுதான் மிச்சம் பிடிப்பம் எண்டு மூச்சை அடக்கி அடக்கி விட்டனான். உதவிச்சுதோ?"

போத்தல் திறந்திருந்தால் காற்று அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அவர் அடக்கியதால் ஒரு மூச்சுக்கூட மிஞ்சவில்லை. என் பிழைக்காக அந்த மனுசி வீணாகத் திணறியிருக்கிறார்.

"ஓம் அக்கா, பெரிய உதவி" என்றேன்.