தயா அண்ணை தேர்தலில் நின்ற வருடம்

போன சனிக்கிழமை கேட்ட றொக் கச்சேரி இன்னும் என் காதுக்குள் இரைந்துகொண்டிருக்கிறது. இன்று புதன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இரண்டு தரம் தண்ணீர் கேட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. "வழமையா எனக்குத்தானே காது கேக்காது" என்று அவரே சிரித்தார். ஐம்பத்தைந்து வயதில் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றால் இப்படித்தான் வரும் என்று மகள் டேனிஷில் திட்டினாள். டேனிஷில் திட்டினால் எனக்கு அவ்வளவாக உறைக்காது என்பது அவள் எண்ணம்.

ஆனால் என்ன ஒரு கச்சேரி! முதல் பாட்டுக்கு முன்னாலேயே மழை கொட்டித் தள்ளிவிட்டது. யாரும் அசையவில்லை. பேஸ் கிற்றார்க்காரர் ஒரே ஒரு தட்டுத் தட்டினார், என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத டேனிஷ் மனுசி என் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள், நானும் துள்ளினேன். சேலை கட்டி ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற என்னைத் தெரிந்தவர்கள், மகளைத் தவிர, யாரும் அங்கே இல்லை என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் என்னை வீடியோ எடுத்திருக்கிறார்கள். எடுக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அந்த மணத்தைப் பற்றி. நனைந்த புல்லும் சிந்திய பியரும் சேர்ந்து ஒரு மணம் வரும் பாருங்கள், அது எனக்கு வேறு யாருக்கும் தராத ஒன்றைத் தரும். நான் வாழ்நாளில் ஒரு மிடறு பியர் குடித்ததில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் வார்த்துக் கொடுத்திருக்கிறேன். நுரை விரலிரண்டு உயரத்துக்கு மேல் போகாமல் வார்ப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர், டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பெயரைச் சொல்லப்போவதில்லை, சின்ன ஊர், சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஊர் சின்னதே தவிர கோடையில் பெரிய பெரிய றொக் குழுக்கள் வந்து வெட்டவெளியில் வாசிப்பார்கள். இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கச்சேரிக்கு வேலையாட்களை உள்ளூர் விளையாட்டுக் கழகங்கள் அனுப்பும். நாங்கள் பியர் வார்ப்போம், வாசலில் டிக்கற் பார்ப்போம், குப்பை பொறுக்குவோம். கூலி எங்களுக்கில்லை, கழகத்துக்கு. எங்களுக்குக் கிடைப்பது இலவசமாகப் பாட்டு. வெளிநாட்டு றொக்கை நான் முதன்முதலில் கேட்டது பியர்க் குழாயைப் பிடித்தபடிதான். முதல் பாட்டிலேயே பைத்தியமாகி, ஒருவருக்கு வார்த்த பியரைக் கையில் கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு ஆடினேன். அவர் பொறுமையாக நின்று, பாட்டு முடிந்த பிறகு வாங்கிக்கொண்டு போனார்.

நான் சேர்ந்திருந்தது பேஸ்போல் கழகத்தில். சிரிக்காதீர்கள். டென்மார்க்கில் பேஸ்போலா என்று டேனிஷ்காரரே கேட்பார்கள். அப்போது நான் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் பியர்கிட் என்றொரு பெண்; என் வயதுதான், ஆளைப் பார்த்தால் தென்னை உயரம். ஒருநாள் தேநீர் இடைவேளையில் கேட்டாள். மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் விளையாட்டு ஒன்று, அணிக்கு ஆள் போதவில்லை, வருகிறாயா?

எனக்குச் சந்தோசத்தில் தேநீர் புரைக்கேறிவிட்டது. எல்லே! எங்கள் நாட்டில் இதே விளையாட்டுக்கு அதுதான் பெயர். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவள். மூங்கில் தடியும் ரென்னிஸ் பந்தும். அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடவேண்டும். ஓடுகிற ஆளைப் பந்தால் எறிந்து அடித்தால் அவர் அவுட். இது போதும் எனக்கு என்று எங்கள் ஊர் பஸ் சாரதி தயா அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் காலையில் என்னை வேலைக்கு ஏற்றிப்போகிறவர். பஸ்ஸில் ஏறுகிற எல்லோரிடமும் அரசியல் கதைப்பார், இறங்குகிறவர்களிடம் பாதியில் நின்ற வாதத்தை நாளைக்கு முடிப்பம் என்று சொல்லி அனுப்புவார்.

முதல் ஆட்டத்திலேயே நான் பெயர் எடுத்தேன். எதிரணி ஆள் ஒருவர், நல்ல பருமனான தபால்காரர், அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். பந்து என் கைக்கு வந்தது. முழு மூச்சையும் திரட்டி எறிந்தேன். நடு முதுகில் விழுந்தது. பேஸ்போல் பந்து ரென்னிஸ் பந்தல்ல, கல். மனிதர் குப்புற விழுந்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "அவுட்! அவுட்!" என்று குதிக்கிறேன். மைதானமே வாயடைத்து நிற்கிறது. பேஸ்போலில் பந்தை ஆளுக்கு எறிவதில்லை, ஓடுகிறவர் தொடவேண்டிய தளத்தில் நிற்கும் நம் ஆளுக்கு எறிவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தத் தபால்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய வடையோடு போனேன். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கடிதங்கள் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை.

எல்லேக்கும் பேஸ்போலுக்கும் இன்னொரு வித்தியாசத்தைத் தயா அண்ணைதான் கண்டுபிடித்தார். எல்லேயில் நமக்குப் பந்து போடுகிறவர் நம்முடைய ஆள். அடிக்க வசதியாக மெல்லப் போடுவார். பேஸ்போலில் போடுகிறவர் எதிரி. "அரசியலிலயும் இதுதான் பிள்ளை கேள்வி. பந்து போடுறவன் எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ எண்டு முதல்ல பாக்கோணும்" என்பார். தலையாட்டிவிட்டு அடிக்கப் போவேன். பெரும்பாலும் காற்றைத்தான் அடிப்பேன்.

ஆனாலும் அந்த மைதானம்! ரயில்பாதைக்கும் ஓட்ஸ் வயலுக்கும் நடுவில், ஒரு பக்கம் சரிந்த புல்வெளி. மூன்றாம் தளத்துக்கு ஓடும்போது மேட்டில் ஏறவேண்டும். பியர்கிட் பந்து போட்டால் சுழன்று வரும். தயா அண்ணை முதல் தளத்தில் நின்று யார் ஓடி வந்தாலும் வணக்கம் சொல்லுவார். சனிக்கிழமை பின்னேரம் முழுக்க அங்கேதான். என் வாழ்க்கையில் நான் வேலைக்காரி, மனைவி, தாய் எதுவுமாக இல்லாமல் வெறும் நானாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. எங்கிருந்து தெரியுமா? என்னுடைய மற்றக் காதலிடமிருந்து. கச்சேரிகள் பெருத்துவிட்டன. தூர இடங்களிலிருந்து பெரிய பஸ்கள் வரத் தொடங்கின. அவற்றை நிறுத்த இடமில்லை. எங்கள் மைதானத்துக்குக் கல்லுப் போட்டு வாகனத் தரிப்பிடம் ஆக்கலாம் என்று நகரசபையில் ஒரு யோசனை. றொக் வேண்டுமா, பேஸ்போல் வேண்டுமா என்று யாரோ என் கழுத்தைப் பிடித்துக் கேட்டது போலிருந்தது. இரண்டும் வேண்டும் என்றுதான் கத்தியிருப்பேன்.

சபையில் இரு பக்கமும் சரிக்குச் சரி. அந்த நவம்பரில் தேர்தல். தயா அண்ணை நின்றார்! ஒரு கட்சி தன் பட்டியலில் அவர் பெயரைப் போட்டது. அந்தக் கட்சிக்கு எங்கள் ஊரில் ஒரு கதிரைதான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் யார் இருப்பது என்பதை, பட்டியலில் யார் பெயருக்கு நேரே அதிகப் புள்ளடி, அந்தப் பெருக்கல் அடையாளம், விழுகிறது என்பது தீர்மானிக்கும். பட்டியலில் அவருக்கு முன்னால் நின்றவர் அதே கட்சியின் பழைய உறுப்பினர், தரிப்பிடத்துக்கு ஆதரவு. பந்து போடுகிறவர் நம் ஆள்தான், ஆனால் சுழற்றிப் போடுகிறவர்.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. சுற்றுவட்டாரத் தமிழ்ச் சனத்தின் வாக்கு என் பொறுப்பு என்று நானே அறிவித்துவிட்டேன். குடியுரிமை இல்லாவிட்டாலும் சில வருடம் இங்கே இருந்தால் நகரசபைக்கு வாக்களிக்கலாம். எங்கள் ஆட்களில் பலருக்கு அதுதான் முதல் வாக்கு. பட்டியல் நீளம், பெயரெல்லாம் டேனிஷில். குழம்பிவிடுவார்கள் என்று ஒரு மாதிரி வாக்குச்சீட்டு வரைந்தேன். ஒரு வெள்ளைத் தாள். அடிமட்டம் வைத்துக் கோடு. கட்சியின் பெயர், அதன் கீழ் ஆட்களின் பெயர்கள், தயா அண்ணையின் பெயருக்கு நேரே தடித்த புள்ளடி. கீழே, "இதைப் போலவே செய்யுங்கோ, ஒண்டும் மாத்தாதேங்கோ." தயா அண்ணை அதைப் பிரதி எடுத்துத் தந்தார். கோயிலில் கொடுத்தேன், தமிழ்ப் பள்ளியில் கொடுத்தேன், பெந்தகோஸ்து சபை முடிந்து வெளியில் வந்தவர்களிடமும் கொடுத்தேன்.

வாக்களிக்கிற அன்று சாவடிக்குள் போய் நூலில் கட்டிய பென்சிலைப் பிடித்தேன். என் சொந்த மாதிரியைப் போலவே அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு வெளியே வந்தேன்.

பதினொரு வாக்கால் தோற்றார்.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். குளிருக்கு யாரும் ஆடவில்லை, சும்மா நின்றோம். தயா அண்ணை எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். பியர்கிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் வாக்கு எண்ணும் மேசையில் உதவிக்கு இருந்தவள்.

"உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்" என்றாள் டேனிஷில். "பத்தொன்பது சீட்டைத் தள்ளிவைக்க வேண்டி வந்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு அடையாளம். புள்ளடியைத் தவிரச் சீட்டில் வேறு எது இருந்தாலும் அது செல்லாது. போட்டவர் யார் என்று காட்டுகிற அடையாளமாக இருக்கலாம் அல்லவா?" பிறகு, நாங்கள் ஓட்டம் குறிக்கும் கொப்பியை எடுத்து அதன் மூலையில் வரைந்து காட்டினாள். சின்னதாக ஒரு வளையம், அதிலிருந்து வலப்பக்கம் இழுத்த ஒரு வால். "நத்தை போல இருக்கிறது. இது என்ன?"

பிள்ளையார் சுழி.

என் மாதிரிச் சீட்டின் உச்சியில் நான் போட்டிருந்தேன். போட்டது எனக்கே தெரியாது. கடைச் சாமான் பட்டியல் எழுதினாலும், மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினாலும், தாளைக் கண்டால் கை முதலில் அதைத்தான் போடும். ஒன்றும் மாற்றாதீர்கள் என்று வேறு எழுதியிருக்கிறேன். சனம் மாற்றவில்லை. பெந்தகோஸ்து சபை ஆட்கள் மட்டும் இது நமக்குரியதல்ல என்று அதை விட்டுவிட்டுப் புள்ளடியை மட்டும் போட்டிருக்கிறார்கள். தமிழ் வாக்குகளில் அவர்களுடையதுதான் அண்ணைக்குச் சேர்ந்தது. நான்? நானும் போட்டேன். அந்தப் பத்தொன்பதில் ஒன்று என்னுடையது.

"தெரியாது" என்று பியர்கிட்டிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கொப்பியை மூடிவிட்டாள்.

வெட்கம் கெட்டவள் நான், தயா அண்ணையிடமும் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் மைதானத்துக்குக் கல் வந்தது. கழகம் ஒரு வருடம் வேறு ஊரில் ஆடிப் பார்த்தது, பிறகு கலைந்தது. அண்ணை ஒடென்சேக்கு வேலை மாறிப் போனார். சனிக்கிழமை கச்சேரிக்குப் போனபோது, எங்கள் காரை நிறுத்தச் சொல்லி மஞ்சள் அங்கிக்காரர் கைகாட்டிய இடம் கொஞ்சம் மேடாக இருந்தது. மூன்றாம் தளம். மகளிடம் சொல்லவில்லை. கச்சேரியில் அப்படித் துள்ளினேனே, அதில் பாதி சந்தோசம், பாதி அழாமல் இருப்பதற்காக.

நேற்று அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, ஒரு விசயம். கோவிக்கக்கூடாது."

"சொல்லு பிள்ளை."

சொன்னேன். ஒன்றும் விடாமல், பத்தொன்பது வரை. மறுமுனையில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, அது பெருத்து இருமலானது.

"உன்ர தாளைக் கொப்பி எடுத்தது ஆர்? நான்தானே. சுழியைக் கண்டனான். பிள்ளை வடிவா, முறையாத் தொடங்கியிருக்கிறாள் எண்டு நினைச்சன்."

"அப்ப நீங்களும்..."

"பின்ன? என்ர சீட்டில பெரிசாப் போட்டனான். நல்ல காரியமெல்லோ."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தன் வாக்கைப் போடத் தெரியாத ஒரு வேட்பாளர், அவருக்குத் தன் ஆட்களைக் கவிழ்த்த ஒரு பிரசாரகர். "நல்ல மைதானம்" என்றார் அண்ணை. "ஓம்" என்றேன்.

இப்போது முதியோர் இல்லத்தில் எல்லாக் குறிப்பும் கையகலத் திரையில்தான். சாமான் பட்டியல் போனில். மகளின் பள்ளிக்கூடம் எப்போதோ முடிந்துவிட்டது. பிள்ளையார் சுழி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கையால் எழுதுகிற ஒரே தாள் நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்த வாக்குச்சீட்டுத்தான். புள்ளடியைப் போட்டு, உச்சியில் வெறுமையாகக் கிடக்கிற இடத்தைப் பார்க்காமல், மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறேன்.