நடுவில் ஒன்றும் வேண்டாம் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்காவில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எதிர்வீட்டில் குடியிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் ஏழு ஆண்டுத் தொல்லை. இன்றாவது பாய் தூங்குகிறாரே என்று நினைத்துக்கொண்டு காபி குடித்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மோட்டார் மெக்கானிக் ரஷீத் பாயின் பெயரைச் சொன்னது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

எங்களுக்குள் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்களுக்கும் இது தெரியும். எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனை நிலம் வரைபடத்தில் பூங்கா, நேரில் குப்பைமேடு. கவுன்சிலர் அங்கே கடைகள் கட்டப் பார்த்தார். கல்லூரி ஆசிரியனான நான் மனுமேல் மனுவாக எழுதினேன். ஒருநாள் பாய் கடப்பாரையோடு வந்து நின்றார்.

“நீங்க எழுதிக்கினே இருங்க சார். நான் தோண்டிக்கினே இருக்கறேன். எது மொதல்ல முடியுதுன்னு பாப்போம்.”

கடைகள் வராமல் தடுத்தவை என் மனுக்கள்தாம். வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவைக்கிறேன்.

அந்த நிலத்தின் நடுவே நெசவாளர்கள் விடியற்காலையில் பாவு போடுவார்கள்; தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டுப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். பாய் அங்கே கன்றுகளை நட்டதும் நெசவுக்காரர் சரோஜா சண்டைக்கு வந்தார்.

“இன்னா பாய், மரம் வந்தா காக்கா வரும். பட்டு மேல எச்சம் உட்டா உன் மரமா வந்து தோய்க்கும்?”

“காக்காகிட்ட சொல்லி வக்கிறேன்மா” என்று சிரித்தவர், அன்றே அத்தனை கன்றுகளையும் பிடுங்கி நான்கு ஓரங்களிலும் நட்டார். நடுவில் ஒரு மரமாவது வேண்டும் என்று நான் படமே வரைந்து காட்டினேன்.

“நடுவுல ஒண்ணும் வேணாம் சார். காலைல பாவு. மத்தியானம் கோயிலுக்கு வந்தவங்க படுப்பாங்க. சாயங்காலம் பசங்க ஆடும். எதுனா வச்சா யாருக்காவது ஆவாது.”

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் அதே கவுன்சிலர். பாய் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பாயிடமே கேட்டேன்.

“என் பேரையுந்தான் சொல்லல. நான் இன்னா அழுதுக்கினா இருக்கறேன்?”

அப்பா இறந்த பிறகு அவர் பெயர் பொறித்த சிமென்ட் பெஞ்சு ஒன்றைச் செய்தேன். யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிறு மாலை அதைப் பூங்காவின் நடுவில் வைத்தேன். திங்கள் காலை கதவைத் திறந்தால் பெஞ்சு என் வாசலில் இருந்தது, ஈரத்துணியால் துடைக்கப்பட்டு. அருகில் வியர்வையோடு பாய்.

“பாவு போட வந்தவங்க நிக்கிறாங்க சார். ஓரமா ஒரு எடம் பாத்து வச்சிருக்கறேன், வாங்க.”

“என் அப்பா உங்களுக்கு ஓரமா?” என்று கதவைச் சாத்தினேன். பெஞ்சு கொல்லைக்குப் போனது. வீட்டு மோட்டார் புகைந்தபோதுகூட வேறு கடைக்கே கொண்டுபோனேன். அவர்களால் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் இரங்கல் கூட்டம். பாய்க்குப் பூங்காவின் நடுவில் நினைவு மண்டபம், டைல்ஸ் தரை, கம்பி வேலி என்று கவுன்சிலர் அறிவித்தார். கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

“என் அப்பாவுக்கு இல்லாத இடம் அவருக்கும் கிடையாது.”

“செத்தவரு மேலயுமா சார் கோவம்?” என்றார் கவுன்சிலர்.

“ஆமாம்.”

பின்வரிசையிலிருந்து சரோஜாவின் குரல் கேட்டது: “சார் இன்னா கோவத்துல வேணா சொல்லட்டும். பாய் இருந்தா கடப்பாரையோட வந்திருப்பாரு.”

வரும் ஞாயிறு தெருக்காரர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். மண்டபத்துக்குக் கை தூக்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை விடியற்காலையில் அங்கே போய் நின்று பார்க்கட்டும்.

இன்று நான் போனேன். பாயின் மகனிடம் சாவி வாங்கி ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டேன். வேட்டியெல்லாம் நனைந்தது. நடுவில் அரக்கு நிறப் பாவு தடையின்றி நீண்டிருந்தது. அதன்மேல் ஒரு சொட்டும் படாமல் ஓரத்து மரங்களுக்குத் தண்ணீர் விட்டேன்.

பாய், கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் மோட்டார் நாளையும் ஓடும். அன்று அப்பாவின் பெஞ்சுக்காக நீங்கள் பார்த்துவைத்த இடம் எது என்று நான்கு ஓரமும் சுற்றிப் பார்த்தேன், தெரியவில்லை. நாளையும் சுற்றுவேன். போய் வாருங்கள்.